ரேம் மாத்தியும் லேப்டாப் ஆன் ஆகலையா? புதுக்கோட்டை மாணவர்கள் கடைக்குப் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

வீட்டில் கிடக்கும் பழைய அரசு லேப்டாப்பில் ரேம் மட்டும் கூட்டினால் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம் என்று கணக்குப் போடும் குடும்பங்களுக்கு இது சோதனைக் காலம். ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கிப் போட்ட ரேமும் சில நேரம் வேலை செய்வதில்லை. என்ன காரணம்? எப்படிச் சரி செய்வது?

விலை ஏன் ஏறியது?

உலகின் பெரும்பாலான மெமரி சிப்களைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. 2025 பிற்பகுதியில் சாதாரண ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. கடைகளில் அதிகம் விற்ற 'குருஷியல்' பிராண்டை நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது.

இன்னொரு பக்கம், விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது.

அரசு லேப்டாப்பின் நிலை என்ன?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கியது. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய புதிய லேப்டாப்களில் 8 ஜிபி ரேம் இருக்கிறது. ஆனால், அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ படிப்பை முடித்துவிட்டு போட்டித் தேர்வுக்குத் தயாராகும் ஒருவர் கையில் இருப்பது பழைய லேப்டாப்தான். தப்பான ரேமை வாங்கினால் நஷ்டம் அவருக்கே.

எங்கே தப்பு நடக்கிறது?

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றில் வெட்டு இருக்கும் இடம் வேறு வேறு. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

பலரும் ஏமாறுவது டிடிஆர்3யில்தான். 1.5 வோல்ட்டில் இயங்கும் சாதாரண டிடிஆர்3யும், 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல்லும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஸ்லாட்டிலும் சரியாக உட்காரும். ஆனால், 1.35 வோல்ட் மட்டும் தரும் லேப்டாப்பில் சாதாரண டிடிஆர்3 போட்டால் ஸ்கிரீன் கருப்பாகவே நிற்கும். ஸ்டிக்கரில் 'பிசி3' என்று இருக்கிறதா, 'பிசி3எல்' என்று இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

ஆன் ஆகலைன்னா என்ன செய்வது?

* சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவும்.
* ரேமைக் கழற்றி, சாய்வாகச் செருகி, இரு பக்கக் கிளிப்பும் 'க்ளிக்' ஆகும் வரை அழுத்தவும். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரலாம்.
* தங்க நிறப் பட்டையில் அழுக்கு இருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் துடைக்கவும். துகள் ஒட்டாமல் ஊதிவிடவும்.
* பழைய ரேமை மட்டும் போட்டு ஆன் செய்யவும். ஆன் ஆனால் லேப்டாப் நல்லா இருக்கிறது என்று அர்த்தம். பிறகு புதிய ரேமை மட்டும் தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுப் பார்க்கவும். கோளாறு ரேமிலா, ஸ்லாட்டிலா என்று தெரிந்துவிடும்.
* ஆன் ஆகி, அடிக்கடி நீலத் திரை வந்தால் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையை ஓட்டவும்.
* டிடிஆர்5 போட்ட லேப்டாப் முதல் தடவை ஆன் ஆக சில நிமிடம் எடுக்கலாம். அவசரப்பட்டு ஆஃப் செய்ய வேண்டாம்.

8 ஜிபி போட்டும் குறைவாகக் காட்டுதா?

32 பிட் விண்டோஸ் சுமார் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. 64 பிட்டுக்கு மாற வேண்டும். கிராபிக்ஸுக்காகக் கொஞ்சம் ஒதுக்கப்படுவதால் மொத்தமும் கணக்கில் வராது.

ரேம் போட்டால் விண்டோஸ் 11 ஓடுமா?

அதற்கு குறைந்தது 4 ஜிபி ரேம் போதும். ஆனால், டிபிஎம் 2.0 வசதியும் புதிய தலைமுறை பிராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. அதற்கு முந்தைய லேப்டாப்பில் எவ்வளவு ரேம் கூட்டினாலும் தகுதி கிடைக்காது. லினக்ஸுக்கு மாறுவது செலவில்லாத வழி.

ஹார்டு டிஸ்க்கில் ஓடும் பழைய லேப்டாப் மெதுவாக இருந்தால், பல நேரம் ரேமைவிட எஸ்எஸ்டி மாற்றுவதுதான் அதிக வித்தியாசம் தரும்.

கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் பழைய ரேமையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. சில மாடல்களில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. கடையிலேயே போட்டு, ஆன் செய்து பார்த்துவிட்டு, பில்லோடு வாங்கினால் அலைச்சல் மிச்சம்.