சாவிக்கொத்து யாருக்கு?

ஜூலை பிறந்துவிட்டால் போதும், நம் ஊர் ஓட்டல் மண்டபங்களில் பதவியேற்பு விருந்துகள் வரிசை கட்டி நிற்கும். ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவை மன்றங்களுக்குப் புத்தாண்டு ஜூலை 1ஆம் தேதிதான். பழைய தலைவரின் கழுத்தில் இருக்கும் பதக்கத்தைக் கழற்றிப் புதியவரின் கழுத்தில் போடுவார்கள். எல்லாம் ஒரு வருடக் கதை. அடுத்த ஜூன் 30 வந்தால் அவரும் ‘முன்னாள் தலைவர்’. வானொலி வேலை போக, இப்படிப்பட்ட விழாக்களில் ஒலிவாங்கி பிடிப்பது என் பக்கத்தொழில். மேடையில் யார் பெயரை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதற்கே இரண்டு பக்கத் தாள் கொடுப்பார்கள்.

அந்தத் தாளில் பெயர் இல்லாத ஒருவர் எல்லா மன்றத்திலும் இருப்பார். தலைவர்கள் வருவார்கள், போவார்கள், அவர் இருப்பார். குழுப்படத்தில் ஓரமாக நிற்பார், இல்லையென்றால் படம் எடுப்பவரே அவராக இருப்பார். ரசீதுப் புத்தகம் எங்கே, போன வருடம் பந்தல் போட்டவர் எண் என்ன, எந்தப் பள்ளிக்கு எத்தனை புத்தகப்பை கொடுத்தோம், எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கேட்க வேண்டும். மணிமன்றமானாலும் கோயில் நிர்வாகமானாலும் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமானாலும் இதே கதைதான். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும்.

கிள்ளானில் ஒரு ரோட்டரி மன்றத்தில் அப்படிப்பட்ட ஒருவருக்கு 80 வயது நிறைந்தது. மன்றமே விழா எடுத்தது. தொகுத்து வழங்க என்னை அழைத்தார்கள். “எழுதினா என் பேரைப் போடாதம்மா” என்று சொல்லிவிட்டதால் இங்கே அவர் வெறும் ‘அங்கிள்’. மன்றத்தில் இளையவர்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மேடையில் அறிமுகம் செய்யத் தன்விவரம் கேட்டிருந்தேன். புலனத்தில் மூன்றே வரி வந்தது. தோட்டத்தில் பிறந்தது, போர்ட் கிள்ளானில் கிராணியாக வேலை பார்த்தது, 39 வயதில் மன்றத்தில் சேர்ந்தது. அவ்வளவுதான். நாற்பத்தொரு வருட உறுப்பினர், ஒருமுறைகூடத் தலைவரானதில்லை. நான்கு முறை கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். “தலைவரானா பேசணுமே” என்று மறுத்துவிட்டாராம்.

ரோட்டரியின் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1905 பிப்ரவரி 23ஆம் தேதி, சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடிப் பேசியதில் தொடங்கியது அது. ஆரம்பத்தில் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுழற்சி முறையில் கூடியதால் அந்தப் பெயர். லயன்ஸ் 1917இல், அதே சிகாகோவில், மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதிக்காரரின் முயற்சியில் உருவானது. மலாயாவுக்கு ரோட்டரியைக் கொண்டுவந்தவர் கனடாவின் கால்கரியைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன். 1928இல் மனைவி, மகளோடு புறப்பட்ட மனிதர் இரண்டரை வருடத்துக்கு மேல் சுற்றினார். சிரம்பான், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மன்றங்கள் எல்லாம் அந்தப் பயணத்தில் முளைத்தவை. துரைமார்களும் உள்ளூர்க்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அபூர்வமாக இருந்த காலம் அது.

ரோட்டரியில் வருகைப் பதிவு கண்டிப்பான விஷயம். ஒரு கூட்டத்துக்கு வர முடியாவிட்டால் வேறு ஊர் மன்றத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு ஈடுகட்டலாம் என்பது பழைய வழக்கம். அதில் மூத்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வயதையும் உறுப்பினராக இருந்த ஆண்டுகளையும் கூட்டி 85 வந்தால், 20 ஆண்டாவது உறுப்பினராக இருந்திருந்தால், செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி வருகையிலிருந்து விலக்குக் கேட்கலாம். அங்கிளுக்கு அந்தத் தகுதி 62 வயதிலேயே வந்துவிட்டது. இன்று கூட்டினால் 121. கடிதம் மட்டும் இன்னும் எழுதவில்லை. மேடையில் இதை நான் சொன்னபோதுதான் மன்றத்தில் பாதிப்பேருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரிந்தது.

நாற்பது வருடமாக அவர் அப்படி என்ன செய்கிறார்? கட்டில் கொடுக்கிறார்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிகளுக்குத் தேவையான சாமான்களை மன்றம் இரவலாகத் தருகிறது. சக்கர நாற்காலி, நடைச்சட்டம், கழிப்பறை நாற்காலி, கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் கட்டில், படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை, ஆக்சிஜன் இயந்திரம். பக்கவாதம் வந்த அப்பாவை நாளைக்கு வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று வார்டில் சொல்லும்போதுதான், நம் வீட்டுக் கட்டிலில் அவரை நிமிர்த்தி உட்கார வைக்க முடியாது என்பதே பல குடும்பங்களுக்கு உறைக்கும். புதிதாக வாங்கக் காசு வேண்டும், தேடி அலைய நேரம் வேண்டும். அந்த இரவில் யாரோ ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். அது அங்கிள் வீட்டு எண்.

அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்டு வாங்கினேன். நீல அட்டை போட்ட கிராணி நோட்டு, இதுவரை ஒன்பது முடிந்திருக்கிறது. பெயர், முகவரி, சாமான், தேதி என்று நான்கு கட்டம். ஆனால் விஷயமெல்லாம் ஓரத்தில் பென்சிலில் இருக்கிறது. ‘குளியலறைக் கதவு குறுகல், நாற்காலி நுழையாது.’ மலிவு விலை அடுக்குமாடிகளில் இது பெரிய பிரச்சினை. கதவை அளக்காமல் சக்கர நாற்காலியைக் கொண்டுபோனால் அது வரவேற்பறையில் துணி காயப்போடத்தான் உதவும் என்கிறார். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இன்னொரு குறிப்பும் சேர்ந்திருக்கிறது: வீடு தரைத்தளமா மேல்மாடியா, படுக்கையில் இருப்பவரைத் தூக்க அண்டைவீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களின் கைத்தொலைபேசி எண். அந்த வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா எப்படிக் கிடந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பென்சில் குறிப்பின் அவசியம் புரியும்.

சில வரிகளின் பக்கத்தில் வெறும் எண்கள் இருந்தன. 16. 40. 49. என்ன கணக்கு என்று கேட்டேன்.

“சாமான் திரும்பி வரணும்னா ரெண்டு வழிதாம்மா. ஒண்ணு, ஆள் எழுந்து நடக்கணும். இல்லாட்டி...”

இறப்பு நடந்த வீட்டுக்குக் கட்டிலைக் கேட்டு எப்போது தொலைபேசி செய்வது? நம்மவர் வீடு என்றால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பேசமாட்டார். சீனர் வீடு என்றால் 49 நாள். மலாய்க்காரர் வீடு என்றால் 40ஆம் நாள் கெண்டூரி கழியட்டும் என்று காத்திருப்பார். அப்போதும் கட்டிலைப் பற்றி முதலில் பேசுவதில்லை, “அம்மா எப்படி இருக்காங்க, சாப்பிடுறாங்களா?” என்றுதான் ஆரம்பம். முன்பு 50 வெள்ளி முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் பணத்தைத் திரும்ப வாங்க வராமலே போனதால், அது அடுத்தவர் துக்கத்தில் எடுத்த காசு மாதிரி இருக்கிறது என்று சொல்லி அவரே நிறுத்திவிட்டாராம்.

இதையெல்லாம் எந்த மன்றத்தின் சட்டப் புத்தகத்திலும் தேட முடியாது.

விழாவுக்கு வருகிறேன். ஏழு பேர் பேசினார்கள். பொன்னாடை பதினொன்று. ஒரு மனிதருக்கு எத்தனை பொன்னாடைதான் போர்த்துவது என்று எனக்கு எப்போதும் ஒரு கேள்வி உண்டு. அங்கிளிடம் அதற்குப் பதில் இருந்தது. ஒவ்வொன்றையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். டயாலிசிஸ் மையத்தில் குளிரூட்டியின் கீழே நான்கு மணி நேரம் படுத்திருப்பவர்களுக்குக் குளிர் எடுக்கும், அங்கே போய்ச் சேருமாம். ஒரு பிரமுகர் ‘ஆயிரம் பிறை கண்டவர்’ என்று நீட்டி முழக்கினார். சரியாகக் கணக்குப் போட்டால், முழுநிலவுக்கு முழுநிலவு ஏறக்குறைய 29.53 நாள். ஆயிரம் நிலவுக்கு 80 வயதுக்கு மேல் இன்னும் பத்து மாதம் ஆகும். அங்கிள் அதைச் சிரித்துக்கொண்டே திருத்தினார், கிராணி அல்லவா.

கேக் வெட்டி முடிந்ததும், நிகழ்ச்சிநிரலில் இருந்தபடி நான் கேட்டேன்: “மன்றத்துக்கிட்ட என்ன பரிசு வேணும் அங்கிள்?” தங்க மோதிரம் ஒன்று தயாராக இருந்தது, அதைத் தருவதற்கான முன்னுரைதான் அந்தக் கேள்வி. அவர் சட்டைப்பையிலிருந்து கிடங்கின் சாவிக்கொத்தை எடுத்து, கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இதை யாராச்சும் வாங்கிக்குங்க. கட்டில் தூக்க முதுகு கேட்கல.”

கைத்தட்டலாம் என்று உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. நேரலையில் மூன்று நொடி மௌனமே எங்களுக்கு விபத்து. இது அதைவிட நீளம். கடைசியில் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் எழுந்தார். “சனிக்கிழமைன்னா நான் பாத்துக்கறேன் அங்கிள்.”

“ஆஸ்பத்திரியில சனிக்கிழமை மட்டுமாம்மா வீட்டுக்கு அனுப்புறாங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. எனக்கு அவர் பக்கம்தான் மனம் போனது. கூட்டரசு நெடுஞ்சாலையில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, நடுவில் வேலை, வீட்டில் சின்னப் பிள்ளை. அதற்குள் ஒரு சனிக்கிழமையைப் பிய்த்துத் தருகிறேன் என்பதே பெரிய விஷயம். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை இல்லை’ என்று மேடையில் பேசுகிறவர்கள் பலர், நாற்பது வருடம் ஒரே ஆள் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு விருந்துக்கு மட்டும் வந்தவர்கள். அங்கிளால் எப்படி முடிந்தது என்று அவர்கள் யோசித்ததே இல்லை.

பதில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. அங்கிளின் மனைவி. அங்கிள் துறைமுகத்தில் வேலையாக இருந்த வருடங்களில் வீட்டுத் தொலைபேசியை எடுத்தவர் இவர்தான். அழுதுகொண்டே பேசுபவரிடம் முகவரி கேட்டு வாங்கியவர், கழிப்பறை நாற்காலிகளை டெட்டால் போட்டுக் கழுவியவர். கணவர் மன்றத்தில் சேர்ந்தபோது பெண்கள் ரோட்டரியில் உறுப்பினராகவே முடியாது. 1989இல்தான் அனைத்துலக அளவில் அந்த விதியை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் இவரை யாரும் சேரச் சொல்லவில்லை. பதினொரு பொன்னாடையில் ஒன்றுகூட இவர் பக்கம் வரவில்லை.

ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினேன். நிகழ்ச்சிநிரலில் அது இல்லை. கொஞ்ச நேரம் தயங்கினார். “நோட்டு அவரு எழுதினதுதான். ஆனா எந்த வீட்டுல யார் இருக்காங்கன்னு எனக்குத்தான் தெரியும். சாவி வாங்குற பிள்ளை என்னையும் வந்து பாக்கச் சொல்லுங்க.”

மோதிரம் கொடுக்கப்பட்டது, படம் எடுத்தார்கள், சாப்பாடு ஆறிவிட்டது. சாவிக்கொத்து கேக் மேசையிலேயே இருந்தது. எல்லாரும் கிளம்பும் நேரத்தில் அந்த வங்கிப் பெண் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அங்கிளிடம் போனார். ஒருவர் பொறியாளர், ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், இன்னொருவர் லோரி வைத்துத் தொழில் செய்பவர். ஒரே ஆளாக எங்களால் முடியாது, நான்கு பேராக முயற்சி செய்கிறோம் என்றார்கள். அங்கிளுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாலு பேர் பொறுப்புன்னா யாருக்கும் பொறுப்பில்ல என்று என் காதருகே முணுமுணுத்தார்.

அவருடைய சந்தேகம் நியாயமானதுதான். முதல் வாரமே ஒரு கட்டிலின் கைப்பிடியை எங்கோ மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள், அதில்லாமல் அது வெறும் இரும்புக் கட்டில். இரவு 10 மணிக்கு மேல் வந்த ஓர் அழைப்பை நான்கு பேருமே மற்றவர் எடுப்பார் என்று விட்டுவிட்டார்கள். இப்போது யார் எந்த நாள் என்று அட்டவணை போட்டுக் கிடங்குக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். சாவிக்கு நான்கு பிரதி எடுத்தாகிவிட்டது, ஐந்தாவது இன்னும் அங்கிள் சட்டைப்பையில்.

ஒன்பது நோட்டையும் கணினியில் ஏற்றும் வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. ஆசிரியர் வாசிக்க, வங்கிப் பெண் தட்டச்சு செய்கிறார். ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் போட்டிருந்தார்களாம், இடம் போதவில்லை. பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். அதற்குத் தலைப்பு: ‘ஆண்ட்டியிடம் கேட்கவும்’.