தாளின் தரமா, சொல்லின் தரமா?

போர்க்காலப் பணத்தாள்களைப் பற்றிய எழுத்துகளில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பேரரசு அச்சிட்டதைப் ‘பணம்’ என்பதும், ஊரார் அச்சிட்டதைத் ‘தற்காலிகத் தாள்’ என்பதுமே அது. நேர்த்தியான அச்சு முன்னதற்குச் சான்றாகிறது. மங்கிய மை பின்னதற்குக் குற்றமாகிறது. இந்தத் தராசு பிழையானது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பிலிப்பைன்ஸில் இறங்கியதும், மணிலாவிலிருந்து மாகாணங்களுக்குப் பணம் செல்லும் வழி அடைபட்டது. அதிபர் மானுவேல் கேசோன் அளித்த அனுமதியின் பேரில் செபு, போஹோல், நெக்ரோஸ், மிண்டனாவோ முதலிய இடங்களில் அவசரகாலப் பணக்குழுக்கள் அமைந்தன. கிடைத்த தாளில், பொட்டலத் தாளில்கூட, நோட்டுகள் அச்சாயின. சில இடங்களில் மரக்கட்டையே அச்சுப் பாளமாயிற்று. அவற்றை வைத்திருப்பதே குற்றம் என்றது ஆக்கிரமிப்பு அரசு. அப்படியிருந்தும் மக்கள் அவற்றை ஒளித்து வைத்தனர். ஜப்பானியர் வெளியிட்ட பெசோவையோ ‘மிக்கி மவுஸ் பணம்’ என்று எள்ளி நகையாடினர்.

இதற்கு விடை பொருளியலில் மட்டும் இல்லை, மொழியிலும் இருக்கிறது. பணத்தாள் என்பது ஒரு வாக்கியம். ஒருவர் மற்றவருக்குத் தரும் வாக்கு. வாக்கின் மதிப்பு எழுத்தின் அழகில் இல்லை. சொன்னவர் அதற்குப் பொறுப்பேற்பதில் இருக்கிறது.

மலாயாவைப் பாருங்கள். ‘வாழைமர நோட்டு’ எனப்பட்ட ஜப்பானிய டாலர், கேட்டவுடன் தொகையைத் தருவதாக ஜப்பானிய அரசின் பெயரால் உறுதி கூறியது. ஆயினும் அளவின்றி அச்சிடப்பட்டது. பல நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை. எண்ணிக்கையை மறைத்துக் கொடுக்கும் வாக்கு, மறுக்கவே கொடுக்கப்படும் வாக்கு. 1945இல் திரும்பிவந்த பிரிட்டிஷ் நிர்வாகம் அதைச் செல்லாது என்றது. தோட்டங்களில் உழைத்த தமிழர் உட்பட, அதைக் கூலியாகச் சேர்த்து வைத்திருந்தோர் கையில் வெறுந்தாளே எஞ்சியது.

பிலிப்பைன்ஸ் குழுக்களின் தாள்களிலும் குறை உண்டு. அனுமதியின்றி அச்சிட்ட படைப்பிரிவுகள் இருந்தன. போருக்குப் பின் எல்லாத் தாள்களும் மீட்கப்படவுமில்லை. ஆயினும் பதிவு செய்யவும் மீட்கவும் சுதந்திர நாடு சட்டம் இயற்றியது. வாக்கு முழுமையாக நிறைவேறவில்லை, கைகழுவப்படவுமில்லை. இந்த வேறுபாட்டைத்தான் ‘தரமற்ற அச்சு’ என்ற குறிப்பு விழுங்கிவிடுகிறது.

அருங்காட்சியகக் குறிப்புகளும் சேகரிப்போர் பட்டியல்களும் தாளின் நிறம், மையின் தரம், கிழிசலின் அளவு ஆகியவற்றைப் பதிவு செய்யட்டும், தவறில்லை. ஆனால் அவற்றோடு மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதப்பட வேண்டும். வாக்களித்தவர் யார்? யாருக்கு வாக்களித்தார்? அது எந்த அளவு காப்பாற்றப்பட்டது? இவற்றை விட்டுவிட்டு எழுதப்படுவது அச்சுத்தொழிலின் வரலாறாகலாம். பணத்தின் வரலாறு ஆகாது.