தலைக்கு மேல் தவணை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பக்கத்தில் நின்றவர் ஓமந்தூர் இளைஞர். வயசு இருபத்தெட்டு இருக்கும். முன்நெற்றி ஏறிவிட்டது. கையில் ஒரு நோட்டீஸ். 'முடி நடவு - வட்டியில்லாத் தவணை - 12 மாதம்.'

"கடன் வாங்கி முடி நடணுமா தம்பி?" என்றேன்.

"பொண்ணு பார்க்கப் போனா தலையைத்தான் சார் பார்க்கறாங்க."

எனக்குப் பதில் வரவில்லை.

2018 பிப்ரவரியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு சிகிச்சையும் இலவசம் என்று அறிவித்தார்கள். அழகு சிகிச்சை ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது, நாம் தராவிட்டால் பெருங்கடன் வாங்குவார்கள் என்றார் அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். 'டெங்குவுக்கு வழியைப் பாருங்கய்யா' என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். இலவசம் சரியா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. ஆனால், கடன் விஷயத்தில் அவர் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

அழகு சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்றால்தான் உண்டு. மற்ற சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு, முடி நடவுக்கு 18 சதவிகிதம். அரசும் கைவிட்டது, காப்பீடும் கைவிட்டது. 'வாங்க சார்' என்று வாசலில் நிற்பது கடன் கம்பெனி மட்டும்தான்.

பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டேன். ரொக்கமாகக் கட்டினால் 90,000 ரூபாயாம். தவணை என்றால் 1,00,000. மாசம் 8,333. வட்டியே இல்லையாம்! அப்போ அந்தப் பத்தாயிரம் என்ன, மொய்யா? மாதாமாதம் அசல் குறைவதைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 20 சதவிகிதம் வட்டி. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பெயரை மாற்றிக்கொண்டு அது இன்னும் உலவுகிறது.

'அவன் தலை, அவன் காசு, உனக்கென்ன?' என்று கேட்பீர்கள். முடி நடட்டும், மூக்கைத் திருத்தட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சேர்த்து வைத்துச் செய்துகொள்ளட்டும். என் கோபம் வேறு. டாக்டர் என்பவர் 'உனக்கு இது வேண்டாம்ப்பா' என்று சொல்லக்கூடியவர். அவர் அறைக்குப் பக்கத்திலேயே கடன் மேஜை போட்டால், வேண்டாம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? டி.வி. பிடிக்கலைன்னா விற்று மீதிக் கடனையாவது அடைக்கலாம். நட்ட முடி உதிர்ந்தாலும் தவணை உதிராது. 2016-ல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரையே விட்டார். மருத்துவம் படித்தவருக்கே அந்தக் கதி.

ஆகவே, மூன்று கோரிக்கை. ஒன்று, சிகிச்சை சொல்லும் இடத்தில் கடன் கையெழுத்து கூடாது. ஒரு வாரம் யோசிக்கவிடுங்கள். இரண்டு, ரொக்க விலையையும் தவணை விலையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடனுக்கு ஆண்டு வட்டியைக் காட்டும் விவரத்தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தமிழிலேயே கேளுங்கள். ஆனால், கிளினிக் விலையில் ஒளித்த வட்டி அதில் தெரியாது. மூன்றாவது கோரிக்கை, பெண்ணைப் பெற்றவர்களுக்கு: மாப்பிள்ளை தலையைப் பார்க்கும்போது, அதன் மேல் எத்தனை தவணை நிற்கிறது என்றும் கேளுங்கள்.

ஓமந்தூராரின் பெயர் தாங்கிய தோட்டத்தில், சென்னையில், 2014 முதல் அரசு மருத்துவமனை நடக்கிறது. இதயத்துக்கே அங்கே ஏழை கடன்படாமல் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஊர்ப் பிள்ளை தலைமுடிக்குக் கடன்காரனாகப் போகிறான்.

பஸ் வந்தது. நோட்டீஸை மடித்துப் பையில் வைத்தார் தம்பி. கிழித்துப் போடவில்லை.