இலைகள் சொல்லும் சாட்சியம்



"பூக்கும் தாவரங்கள் திடீரென்று தோன்றின, டார்வினே கைவிரித்துவிட்டார்" என்னும் கூற்றை மேடைகளில் அடிக்கடி கேட்கிறேன். அண்மையில் ஆசிரியர் ஒருவரே இதனை மாணாக்கர் முன் முழங்கினார். இதை மறுத்தே ஆகவேண்டும்.

டார்வின் 1879இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய மடலில் இதனை வெறுக்கத்தக்க மர்மம் என்று குறித்தது உண்மையே. ஆனால், 1879இல் அவர் அறியாததை இன்றும் எவரும் அறியார் என்பது என்ன நியாயம்?

அமெரிக்காவின் வர்ஜீனியா, மேரிலாந்து மாநிலங்களில் பொட்டோமாக் படிவுகள் உள்ளன. ஏறத்தாழ 12 கோடி முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இலைகள் அங்கே கல்லில் பதிந்து கிடக்கின்றன. 1889இல் அவற்றை விவரித்த ஃபாண்டேன், வெளித்தோற்றத்தை வைத்து, அத்தி முதலிய இக்கால மரங்களின் பெயர்களைத் தழுவிப் பெயரிட்டார். இன்றைய மரங்களே அன்றும் இருந்தன என்றால் எல்லாம் திடீரென வந்ததாகத்தானே தோன்றும்? அந்த மயக்கத்தில் பெரும்பங்கு பாறையினுடையது அன்று, பெயரிட்டவர்களுடையது.

1970களில் லியோ ஹிக்கியும் ஜேம்ஸ் டாயிலும் அவ்விலைகளின் நரம்பமைப்பை அடுக்கடுக்காக ஆராய்ந்தனர். அடியடுக்கில் பூக்கும் தாவர இலைகள் அரியவை, சிறியவை, நரம்புகள் ஒழுங்கற்று ஓடுபவை. மேலே செல்லச் செல்ல மடல் பிரிந்த இலைகளும் கூட்டிலைகளும் வருகின்றன, நரம்புகள் சீர்பெறுகின்றன. மகரந்தமும் அவ்வாறே. கீழே ஒற்றைப் பள்ளம் உடையது. மேலே மூன்று பள்ளம் உடையது. இரு சாட்சிகளும் ஒன்றையே சொல்கின்றன: மாற்றம் படிப்படியானது. அத்தாவரங்கள் முதலில் நிலைகுலைந்த ஆற்றங்கரைகளில் வேரூன்றிப் பின்னர்ப் பரவின என்றும் அவர்கள் கருதினர்.

அண்மை ஆய்வுகளும் இதற்கு வலுவூட்டுகின்றன. பூக்கும் தாவர இலையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சராசரியாக 8 மில்லிமீட்டர் நீள நரம்பு ஓடுகிறது. பிற தாவரங்களில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே என்று 2009இல் கணக்கிட்டனர். நரம்பு அடர்ந்தால் நீர் விரைந்து பாயும். இலை மிகுதியாக உணவு ஆக்கும். ஆனால் தொடக்ககால இலைகளில் இந்த அடர்த்தி இல்லை; பின்னரே கூடியது என்று 2011இல் புதைபடிவங்களே காட்டின. வெற்றிக்குரிய கருவியும் ஒரே நாளில் கைக்கு வந்ததன்று.

மர்மம் முற்றும் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. மரபணுக் கணிப்புகள் பல, புதைபடிவங்களைவிட முந்தைய தோற்றத்தைக் காட்டுகின்றன. அந்த இடைவெளி இன்னும் வழக்கில் உள்ளது. நிலவியல் அளவில் பரவல் விரைவானது என்பதும் உண்மை. ஆயினும் விரைவு வேறு, திடீர் வேறு. இரண்டு கோடி ஆண்டுகளைத் 'திடீர்' என்று சொல்லும் நாக்கு, எதைத்தான் மெல்ல நடந்தது என்று சொல்லும்?

'அறியோம்' என்பது கேள்வியின் தொடக்கம். அதனையே முடிவாக்கி மாணாக்கர் கையில் கொடுப்பது கல்வியாகாது. அடுத்தமுறை அறிவியல் பாடத்தில் ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்து, அதன் நரம்புகளைக் காட்டுங்கள். பேச்சாளர் மறைத்ததை இலை சொல்லிவிடும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்