படம் வரைந்தவர் பெயர் எங்கே?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவன்)

எங்கள் விலங்கியல் ஆய்வுக்கூடச் சுவரில் பதினொரு படங்கள் தொங்குகின்றன. தவளையின் இரத்த ஓட்டம், சுறாவின் மூளை நரம்புகள், மண்புழுவின் உணவுப் பாதை… சாயம் மங்கிய பின்னும் ஒரு கோடுகூடத் தடுமாறாத படங்கள். முன்னாள் மாணவர் எவரோ இரவெல்லாம் கண்விழித்து வரைந்திருக்க வேண்டும். அவர் யார்? எந்தப் படத்தின் அடியிலும் பெயர் இல்லை. துறையின் முத்திரை மட்டும் இருக்கிறது.

"வெறும் படம்தானே!" என்று சொல்லி நாம் பழகிவிட்டோம். அந்தச் சொல்லே தவறு என்பதுதான் என் கருத்து.

மருத்துவம் படிப்போர் அனைவரும் அறிந்த நூல் 'கிரேயின் உடற்கூற்றியல்'. 1858இல் இலண்டனில் வெளிவந்து, இன்றுவரை புதுப்புதுப் பதிப்புகள் கண்டுவருவது. எழுதியவர் ஹென்றி கிரே. அதன் 363 படங்களையும் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்னும் இளம் மருத்துவர். ஓவியர் ஒருவரின் மகன். இருபத்தைந்து வயதையொட்டிய காலத்தில், கிரேயோடு சேர்ந்து தாமும் கத்தி பிடித்துப் பிணங்களை அறுத்து, கண்டதைக் கண்டவாறே வரைந்தார். அந்நாளில் படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சிடுவார்கள். ஆகவே, இடம் வலமாக, வலம் இடமாகக் கட்டையின் மீதே வரைய வேண்டும். தசைக்கும் நரம்புக்கும் எண் போட்டு எங்கோ ஒரு மூலையில் விளக்கம் தராமல், உறுப்பின் மீதே அதன் பெயர் எழுதப்பட்டிருந்தது. தேடித் தவிக்காமல் மாணவன் கற்றான். நூலின் வெற்றிக்கு இதுவும் ஒரு பெருங்காரணம் அன்றோ?

கார்ட்டருக்குக் கிடைத்தது என்ன? விற்ற ஒவ்வோர் ஆயிரம் படிக்கும் கிரேக்கு 150 பவுண்டு. கார்ட்டருக்கோ ஒரே ஒரு முறை 150 பவுண்டு. அதோடு தீர்ந்தது. முகப்புப் பக்கத்தின் அச்சுப்படி திருத்தத்திற்கு வந்தபோது, கார்ட்டரின் பெயரைச் சிறிய எழுத்தாக்கும்படி கிரே குறிப்பெழுதினார். இன்று அந்த நூலைக் கிரேயின் பெயரால் அழைக்கிறோம். கார்ட்டரை எத்தனை பேர் அறிவோம்?

நூல் வெளிவந்த ஆண்டிலேயே அவர் இந்தியாவுக்கு வந்து, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். நம் மதுரையின் பெயரால் 'மதுரா கால்' என்று வழங்கிய நோயை ஆராய்ந்தார். 'மைசெட்டோமா' என அதற்குப் பெயரிட்டு, 1874இல் தனி நூலும் எழுதினார். தொழுநோயையும் ஆராய்ந்தார். கூர்ந்து நோக்கக் கற்ற கண் அறிவியலுக்கும் கண்ணாக இருந்தது!

புகைப்படம் வந்தபின் ஓவியர் எதற்கு என்று கேட்கலாம். புகைப்படத்தில் இரத்தமும் கொழுப்பும் நரம்பும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பது வரைபவரின் அறிவு. அதனால்தான் 1911இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இக்கலையைக் கற்பிக்கவே ஒரு துறை தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து அங்கு வந்திருந்த மேக்ஸ் புரோடல் என்னும் ஓவியர் அதற்குத் தலைவரானார்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் அப்பா சுவர் விளம்பரமும் கடைப் பலகையும் எழுதியவர். பிளெக்ஸ் வந்தபின் வெள்ளையடிக்கப் போகிறார். எந்தப் பலகை எழுதினாலும் ஓரத்தில் சிறிதாகத் தம் பெயரைப் போடுவார். "பேரு போட்டாத்தாண்டா அடுத்த வேலை தேடி வரும்" என்பார். அவர் தந்த கை எனக்கு. சென்ற ஆண்டு தேர்வுக் கட்டணம் கட்டப் பணமில்லாதபோது, அந்தக் கையை விற்றேன். எட்டு நண்பர்களுக்குக் கூலிக்கு ரெக்கார்டு வரைந்து கொடுத்தேன். ஆசிரியர் நோட்டுகளைப் புரட்டிவிட்டு, "ஏம்பா, எட்டுப் பேர் வீட்டு மண்புழுவும் ஒரே அச்சா இருக்கே?" என்றார். வகுப்பே சிரித்தது. நான் தலைகுனிந்தேன்.

வரைவது கைவேலை மட்டுமன்று, பார்ப்பதற்கான பயிற்சி. அந்த எட்டுப் பேர் பார்க்க வேண்டியதை நான் பார்த்துவிட்டேன். செய்முறைத் தேர்வில் அவர்களில் சிலர் தடுமாறியபோது, வாங்கிய பணம் நெஞ்சில் உறுத்தியது. விலங்குகளை அறுப்பதை 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தச் சொன்னபின், எங்கள் கூடத்தில் படமும் மாதிரியுமே பாடம். பிறர் கண்டதைத்தான் நாம் காண்கிறோம். அதையும் நம் கையால் வரையாவிட்டால் நமக்கு மிஞ்சுவது என்ன?

நண்பர்களே, கோணலானாலும் உங்கள் படத்தை நீங்களே வரையுங்கள். இனி எவருக்கும் கூலிக்கு வரைய மாட்டேன்; உடனிருந்து வரையக் கற்றுக்கொடுப்பேன். பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கோணலான படத்துக்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அந்தப் பயமே பலரைக் கூலிக்கு ஆள் தேட வைக்கிறது.

இன்னும் ஒன்று. பழைய வருகைப் பதிவேடுகளைத் தேடியோ, முன்னாள் மாணவர்களைக் கேட்டோ அந்தப் பதினொரு படங்களையும் வரைந்தவர்களைக் கண்டறிவோம். ஒவ்வொன்றின் அடியிலும் வரைந்தவர் பெயரை எழுதுவோம். எழுதும் வேலையை என் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.