ஒரு 4பி பென்சில் போதும், தூக்கிப் போடாதீர்கள்



பேரனின் பழைய டிவி கேம் கன்ட்ரோலரைச் சரிசெய்து படம் போட்டிருந்தேன். கீழே வந்த பதில்களில் பாதி ஒரே மாதிரி: "எதுக்கு சார் கஷ்டம், புதுசு வாங்கிடலாமே." "மாமா அதே கஞ்சத்தனம்" என்று சிரிப்புப் பொம்மை வேறு. சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கேட்டவர்களில் மூன்று பேர் இன்ஜினீயர்கள்.

அந்தப் பட்டன் ஏன் வேலை செய்யவில்லை என்று ஒருவராவது கேட்டீர்களா? பட்டனுக்கு அடியில் ரப்பர் மொட்டு. அதன் அடியில் கார்பன் கலந்த கறுப்பு வட்டம். அழுத்தினால் அந்த வட்டம் போர்டில் பிரிந்து நிற்கும் இரண்டு கோடுகளை இணைக்கும். வருஷக்கணக்கில் அழுத்தியதில் கார்பன் தேய்ந்துவிட்டது. வியாதி அவ்வளவுதான். மின்சாரத்தைக் கடத்தும் அலோகம் எது என்ற ஒரு மார்க் கேள்விக்கு "கிராஃபைட்" என்று எல்லோரும் சரியாகத்தானே எழுதினீர்கள்? அதே கிராஃபைட் பென்சிலில் இருக்கிறது. எச்பி வேண்டாம், களிமண் அதிகம். 4பி எடுத்து வட்டத்தில் அழுத்தித் தேய்த்தால் பட்டன் பிழைக்கும். கொஞ்ச நாளில் மறுபடி தேயும், உண்மை. நிலைக்க வேண்டுமென்றால் சமையலறை அலுமினியத் தாளைப் பேப்பர் பஞ்சில் வட்டமாக வெட்டி, ஒரு பொட்டுப் பசையில் அந்த இடத்தில் ஒட்டுங்கள். பசை தாளின் மேலே வழியக் கூடாது.

தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம் பெட்டிகளில் பல, 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். கேசட் ஓடாவிட்டால் எல்லோரும் ஊதினோம். ஓடியது ஊதியதால் அல்ல, கழற்றி மறுபடி செருகியதால். எச்சில் ஈரம் தகட்டை அரிக்கும். பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளைத் தட்டிவிட்டாலே போதும்.

"அதைத் திறக்கவே முடியாதே சார்" என்கிறார்கள். சாதாரண ஸ்குரூடிரைவர் நுழையாத திருகுகளை நிண்டெண்டோ தன் பழைய கேசட்டுகளில் போட்டது. யாரோ ஒரு புண்ணியவான் பால்பாயின்ட் பேனாவின் குழாய் முனையைச் சூட்டில் இளக்கி, திருகின் மேல் அழுத்தி ஆறவிட்டான். அச்சு விழுந்தது, பேனாவே திருப்புளி ஆனது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்கப் பேனாவை உருக்க வைப்பது என்ன நியாயம்? நம் அரசு 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று இணையதளமே திறந்தது. உரிமை கிடைத்து என்ன செய்ய, திறந்து பார்க்கும் ஆசையே செத்துப்போனால்?

சிக்கனம் எனக்கு வசவு இல்லை. ஆனால் இங்கே பேச்சு பணத்தைப் பற்றியதே அல்ல. பட்டன் அமுங்காத மறுநாளே புதுசு வந்து நின்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளை எதற்குக் கேட்கும்? காரணம் கேட்காத பிள்ளையை வளர்த்துவிட்டு, பிறகு ஆயிரக்கணக்கில் கொட்டி ரோபோ வகுப்பில் சேர்க்கிறீர்கள்.

எல்லாவற்றையும் திறக்கச் சொல்லவில்லை. பழைய குண்டு டிவியின் உள்ளே கை வைக்காதீர்கள், அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும். உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள்.

கோடை விடுமுறைக்கு வருகிற பேரன் பேத்திகளிடம் கெட்டுப்போன கன்ட்ரோலரைக் கொடுத்தனுப்புங்கள். கழற்றிய திருகுகளை வரிசையாகப் போட்டு வைக்க எங்கள் வீட்டு இட்லித் தட்டு தயாராக இருக்கிறது. உங்கள் அத்தை சம்மதம் மட்டும் இன்னும் பாக்கி.