கதவும் வண்டி ஆகும்



கதை எழுதணும்னா பெரிய படிப்பு வேணும், புத்தகத் தமிழ் நல்லா வரணும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. சின்ன வயசில் நாம் ஆடிய விளையாட்டும் காதால் கேட்ட பேச்சும்தான் கதைக்கு முதல் சொத்து என்பது என் கருத்து. இதற்கு என் சாட்சி எழுத்தாளர் கி. ராஜநாராயணன்.

கி.ரா. கோவில்பட்டி பக்கம் இடைசெவல் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்தவர். வீட்டில் பேசியது தெலுங்கு. பள்ளிப் படிப்பை முடிக்காமல் விவசாயம் பார்த்தவர். முப்பது வயசு தாண்டிய பிறகுதான் கதை எழுத வந்தார். அவருக்குத்தான் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகவே அழைத்தது.

அவர் எழுதிய 'கதவு' கதையைப் பாருங்கள். ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைகள் கதவில் ஏறி நின்று ஆட்டி, டிக்கெட் கொடுத்து, வண்டி விளையாட்டு ஆடுகிறார்கள். தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டி அழகு பார்க்கிறார்கள். ஒருநாள் தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வேறு ஒருவர் எழுதியிருந்தால் எத்தனை ரூபாய் பாக்கி, எந்த அதிகாரி வந்தார் என்று ஆரம்பித்திருப்பார். கி.ரா. நம்மையும் அந்தப் பிள்ளைகளோடு கதவில் ஏற்றி விடுகிறார். அதனால் கதவு போனதும் நம்ம சாமானையே யாரோ பிடுங்கின மாதிரி மனசு வலிக்கிறது. பெரியவங்க கண்ணுக்கு அது வெறும் பலகை. குழந்தைக் கண்ணை மறக்காதவருக்குத்தான் அது வண்டி.

நம்ம தெருவிலும் வாண்டுகள் துண்டால் ரயில் கட்டி, வேப்பிலையை டிக்கெட்டாகக் கிழித்துக் கொடுக்கிறார்கள். அவர்களே ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் என்ன ஆகிறது? கட்டுரை ஏட்டைத் திறந்தால் நாற்பது பேரும் நோட்ஸைப் பார்த்து ஒரே மாதிரி எழுதுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் சத்துணவு வரிசையில் நின்று கதை சொன்னால் தட்டில் சோறு ஆறிப்போகும், அப்படிச் சொல்வாள். ஆனால் பரீட்சையில் கதை எழுதச் சொன்னால் பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவாள். ஏன் என்று கேட்டேன். "நம்ம பேச்செல்லாம் எழுதுற பேச்சாடி?" என்றாள். முன்பு எங்கேயோ அவள் எழுதினதை வாசித்துச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு ஒரு கதைக்காரியை ஊமையாக்கிவிட்டது.

"ஊர்ப் பேச்சில் எழுதினால் அடுத்த ஊர்க்காரருக்குப் புரியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காக கி.ரா. தன் பேச்சை விட்டுவிடவில்லை. கரிசல் சொற்களைச் சேர்த்து 1982-ல் ஓர் அகராதியே கொண்டுவந்தார். புரியாத சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கொடுக்கலாம். வாயை மூடின பிள்ளையைத் திரும்பப் பேச வைப்பதுதான் கஷ்டம்.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடிதத்துக்கும் கட்டுரைக்கும் நல்ல தமிழ் அவசியம் வேண்டும். கதைக்கு மட்டும் மாதத்தில் ஒரு பீரியட் கொடுங்கள் என்று ஆசிரியர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு மட்டும் நோட்ஸ் வேண்டாம், சிவப்பு மையும் வேண்டாம். அவரவர் வீட்டுப் பேச்சில், அவரவர் கற்பனையில் எழுதட்டும். நல்லதை இந்தச் சுவரில் ஒட்டுவோம்.

தோழிகளே, உங்க வீட்டுக் கதவு என்னவாக இருந்தது? வண்டியா, கப்பலா, யானையா? எழுதிக் கொண்டு வாங்க. யாரும் சிரிக்க மாட்டோம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி